குடியிறக்கு

மட்டாஞ்சேரியில் கால்வாய்க்கரை நொச்சிப் புதரை வெட்ட எங்களை அனுப்பியிருந்தார்கள். அதன் முன்னால் ஒரு டீச்சர் வழிமறித்து நின்றார். களமசேரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவராம். நரைத்த கிராப்பு, சேறு படிந்த சுரிதார். நாலு வார்த்தை பேசினால் ஒரு தரம் நொச்சித் தண்டில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே மரத்தைக் குடைந்து வாழும் ஒரு வண்டு இருக்கிறதாம். அந்த வகைக்கு நொச்சியை விட்டால் வேறு செடி ஆகாதாம்.

“இங்க ஆரு தாமசிக்கறா டீச்சரே? வெறும் காடு,” என்றார் எங்கள் மேஸ்திரி.

“வண்டு தாமசிக்குதே, அதுக்கு இதுதானே வீடு! இதை வெட்டினா அது குடியிறக்கு. குடியிறக்கணும்னா முதல்ல வேற வீடு காட்டுங்க. காட்டுங்க சேட்டா!”

குடியிறக்கு. குடியிருப்பவர்களைத் தெருவில் இறக்கிவிடுவதற்கு இங்கே அதுதான் சொல். இப்போதிருக்கும் பள்ளுருத்திக்கு வருமுன், எங்கள் வீட்டை இடிக்க வந்தவர்களிடம் ‘முதல்ல வேற வீடு காட்டுங்க’ என்றுதான் அம்மாவும் கத்தினாள். இந்த டீச்சருக்கு அது எப்படித் தெரிந்ததோ! வண்டின் மேல் எனக்கு அப்படியொன்றும் பாசமில்லை. ஆனாலும் அரிவாளை மேஸ்திரியிடம் நீட்டி, “நீங்களே வெட்டுங்கண்ணே,” என்றேன்.

எங்கள் வீட்டை இடித்த அன்றைக்குத்தான் மேஸ்திரியின் வீட்டையும் இடித்தார்கள். அரிவாளை அவர் வாங்கவில்லை.