என் பெயர் மட்டும் உள்ள அட்டை

இந்த நாட்டில் முன்பின் தெரியாதவர்களும் சிரித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். அரசு அலுவலகத்திலும் அப்படித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "ரிட்டையர்டா?" என்று கேட்டாள். என் காதில் "டயர்டா?" என்று விழுந்தது. "நோ, நோ. டெய்லி வொர்க்" என்றேன். அவள் இன்னும் பெரிதாகச் சிரித்தாள். அறுபத்தெட்டு வயதில் நான் அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில் மீன் வெட்டுகிறேன். வேலை நேரத்தைக் குறைத்ததால் கடை கொடுத்துவந்த காப்பீடு நின்றுபோனது. மெடிகேர் என்கிற அரசுக் காப்பீட்டில் சேர்க்க மகள் என்னை அழைத்து வந்திருந்தாள்.

"குடும்பத் தலைவர் யாருன்னு கேக்கவே இல்லியே?" என்றேன் மகளிடம்.

"இங்க ஆளுக்கு ஒரு கார்டும்மா. உன் பேரு மட்டும்தான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பயந்துவிட்டேன் என்று நினைத்து அந்தப் பெண் டிஷ்யூ தாளை நீட்டினாள். பயமில்லை, ஆத்திரம்.

எங்கள் மீனவர் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் என் புருஷன் கடலோடு போனபின், ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் அவருடைய அண்ணன். அடுத்த வருஷம் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. டச்சுக் கல்லறை அருகே பொன்னேரி பஸ்ஸுக்கு நின்றபோதே புடவை ரத்தத்தில் நனைந்துவிட்டது. மகள்தான் தாங்கிப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில், ரேஷன் கார்டில் பெயர் இல்லை, அரசுக் காப்பீடு கிடையாது என்றார்கள். புருஷனின் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இன்னாமே, தம்பியே பூட்டான். உன் பேரு எங்க வூட்டு கார்டுல எதுக்குன்னு எடுத்துட்டேன். உன் நைனா வூட்ல போய்க் கேளு" என்றார். சாயங்காலம் அவரே வந்தார். "தம்பி படக எனக்கு எழுதிக் குடு. ஆபரேசன் செலவ நான் பாத்துக்கறேன்."

கட்டிலில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். ஆபரேசன் முடிந்து வீடு திரும்பியபோது, படகின் முகப்பில் என் புருஷன் பெயரை அழித்து அவருடைய மகன் பெயரை எழுதியிருந்தார்கள். பெயிண்ட்கூட முழுசாகக் காயவில்லை.

மகள் நர்ஸுக்குப் படித்து இங்கே வந்தாள், பின்னால் என்னையும் அழைத்துக்கொண்டாள். புருஷனின் அண்ணனை மன்னித்துவிட்டேனா என்று கோயிலில் சந்திக்கும் நம்மூர்ப் பெண்கள் கேட்பார்கள். இல்லை. வெட்டுகிற ஒவ்வொரு மீனின் தலையிலும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கத்தியை இறக்குகிறேன்.

அட்டை தபாலில் வந்த அன்றே போட்டோ எடுத்துக் குப்பத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். 'மாமா, இந்தக் கார்டுல என் பேர யாரும் எடுக்க முடியாது' என்று கீழே அவருக்கு எழுதினேன். ஊரே பார்த்தது. அவருடைய மருமகள்கள் சிரிக்கிற பொம்மைகளைப் போட்டார்கள். அன்று ருசித்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் வாட்ஸப்பில் அவருடைய குரல் வந்தது. இருமலோடு, மெதுவாக. "நல்லாக்கீதும்மா. ஊருக்கு வந்து படுத்தா இது செல்லுமா?"

மகளைக் கேட்டேன். செல்லாது என்றாள். அமெரிக்காவைத் தாண்டினால் அது வெறும் காகிதமாம்.

நானும் குரலிலேயே பதில் அனுப்பினேன். "செல்லாது மாமா. ஆனா வருவேன். உங்க வூட்டு வாசல்லதான் கட்டில் போட்டுப் படுப்பேன்."

அனுப்பிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே செத்தால் பனியில் இறுகிய இந்த மண்ணைத் தோண்டக்கூட இயந்திரம் வேண்டும். குப்பத்து மணல், கையால் பறித்தாலே வழிவிடும்.