திரும்பி நடக்க வேண்டிய நூறடி

என்னிடம் உறுதியான பழக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது பதறுவதுதான். ஐம்பத்திரண்டு வயதாகிறது, ஒரு நாள்கூடத் தவறியதில்லை. மற்ற நல்ல பழக்கங்களை எல்லாம் தொட்டுப் பார்த்துக் கைவிட்டவன் நான். விடிகாலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தால் மனம் ஒரு ஒழுங்குக்கு வரும் என்று போனில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கேரளத்து மலையிலிருக்கும் எங்கள் பீர்மேட்டில் ஜூலை மாதத்துப் பச்சைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காய்ச்சல்தான் வந்தது. பிறகு நாட்குறிப்பு எழுதுவது என்று ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ‘இன்று முதல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மீதித் தாள்களில் வடை மடித்து முடித்தாயிற்று.

நான் ஜீப் ஓட்டுகிறவன். எங்கள் தேயிலை எஸ்டேட் மூடிய பிறகு, அங்கே கொழுந்து கிள்ளிய பெண்கள் மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். காலையில் அவர்களை லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஏற்றிக்கொண்டு போவேன், சாயங்காலம் கொண்டுவந்து விடுவேன். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு சாப்பாட்டுத் தூக்கு, பன்னிரண்டு வாய்.

மலையில் வண்டி ஓட்டுகிறவன் கைபிரேக்கை மட்டும் நம்ப மாட்டான். மேட்டைப் பார்த்து நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் வைப்பான். நானும் ஒரு கல்தான் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வெற்றிலை வாங்கப் போய்த் திரும்புவதற்குள் வண்டி அந்தக் கல்லின் மேல் ஏறி இறங்கி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பத்தடி பின்னால் போய்த் தேயிலைச் செடிகளுக்குள் உட்கார்ந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு மூன்று கல். இரண்டு சக்கரத்துக்கு இரண்டு, என் நெஞ்சுக்கு ஒன்று.

வைப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சிக்கல் எடுப்பதில். மேட்டில் கிளம்பிய வண்டியை நடுவில் நிறுத்தி இறங்க முடியாது. மேலே சமதளம் வந்த பிறகுதான் நிறுத்தலாம். அங்கே நிறுத்தி, நூறடி கீழே திரும்பி நடந்து, கல்லை ஓரத்தில் தள்ளிவிட்டு, மறுபடி நூறடி ஏறி வர வேண்டும். அதுவும் மழையில். கொக்கி வளைவு என்று நாங்கள் சொல்லும் வளைவில் பாதிப் பெண்கள் இறங்குவார்கள். மீதி ஆறு பேரோடு மேட்டில் ஏறும்போது பின்னால் சத்தம் வரும்.

“அண்ணே, கல்லு ரோட்டுல கெடக்கு!”

“கெடக்கட்டும்டி. பிள்ளைங்க பசியோட இருக்கும், நீங்க வண்டிய விடுங்கண்ணே!”

இரண்டாவது குரலுக்குத்தான் என் காது பழகியிருந்தது. கல் வைக்காவிட்டால் போவது என் வண்டி. எடுக்காவிட்டால் விழப்போவது யாரோ. அந்த யாரோவுக்காகப் பதற எனக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பெண்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, பால் விடாத கட்டன் சாயா கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனேன். கை பாதியில் நின்றது.

“என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீக?” என்றாள் மனைவி.

“கல்லு. கொக்கி வளவுல மூணு கல்லு. எடுத்தனா, எடுக்கலையா?”

“என்னக் கேட்டா? நானா வச்சேன்?” என்றவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “ஏங்க, பாப்பா வார நேரமாச்சே.”

எங்கள் மகள் கீழே டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மூன்று மாதத்துக்கு முன்புதான் ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். வேலை முடிந்து அந்த வளைவு வழியாகத்தான் ஏறி வருவாள். மழையில் நனைந்த கருங்கல் மூடுபனிக்குள் ரோட்டோடு ரோடாகக் கிடக்கும், பக்கத்தில் போகும்வரை தெரியாது.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். வண்டி ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியவன் நான். எங்கள் குடும்பத்தில் நான் போதித்து ஒருவர் கடைப்பிடித்த ஒரே நல்ல பழக்கம் அது.

சாவியைச் சட்டைப்பையில் தேடினேன், அலமாரியில் தேடினேன், அரிசிப் பானைக்குள்ளும் கைவிட்டேன். “வண்டியிலதான் இருக்கும், போங்க!” என்று மனைவி கத்தினாள். எப்போதும் அங்கேதான் இருக்கும். ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் அவளுடையது. மனைவி ஜெபமாலையை எடுத்துவிட்டாள். நான் கியரைப் போட்டேன்.

இறக்கம் முழுவதும் ஒவ்வொரு மரமும் கீழே கிடக்கும் ஸ்கூட்டராகத் தெரிந்தது. எதிரே ஒரு பசு வந்தது. பேசத் தெரிந்திருந்தால் அதனிடமும் விசாரித்திருப்பேன். முன்பு அந்த வளைவில் நான் விட்டுவந்த கற்களில் யார் யார் இடித்திருப்பார்கள் என்ற கேள்வி முதல் தடவையாக வந்தது. இத்தனை வருடம் வராமல் எங்கே இருந்ததோ.

வளைவில் ஸ்கூட்டர் நின்றிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சீட்டின் மேல் ஹெல்மெட். ஆளைக் காணோம்.

“பாப்பா!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே ஆடு கத்துவதுபோல் கேட்டது.

“என்னப்பா, எதுக்கு இப்படிக் கத்துறீங்க?” சாலையோரத்து ஓடையிலிருந்து அவள் நிமிர்ந்தாள். இரண்டு கையிலும் சேறு.

“அங்க என்னளா பண்ணுற?”

“கல்லத் தள்ளுறேன். ரெண்டு தள்ளியாச்சு, இன்னொண்ணு அங்க கெடக்கு. ஒங்க கல்லுதான்.”

“என் கல்லுன்னு எப்படித் தெரியும்?”

“இந்த மலையில ஒரு வண்டிக்கு மூணு கல்லு வைக்கிற ஆளு வேற யாரு இருக்கா?”

நான் ஓடைக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு இல்லை. ஒரு சிறிய மதிலே கட்டலாம், அவ்வளவு கல். வண்டி வாங்கிய நாளிலிருந்து இதே வேலையாம். அவள் ஏறி வரும்போதுதான் முழங்காலில் காய்ந்துபோன நீளத் தழும்பைப் பார்த்தேன்.

“இது பாத்ரூமுல வழுக்கி விழுந்ததுதானே?”

அவள் சிரித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. பாத்ரூமில் விழுந்தேன் என்று அவள் சொன்ன அன்று நான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்து, ரப்பர் மிதியடி வாங்கிப் போட்டு, சோப்பைக் கீழே வைக்கக் கூடாது என்று மனைவிக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா மறுநாளு நாலு கல்லு வைப்பீங்க.”

மூன்றாவது கல்லை நான் போய்த் தள்ளினேன். அது ஒன்றும் அவ்வளவு கனமாக இல்லை.

மறுநாள் இன்னொரு டிரைவர் ஒரு வழி சொன்னார். கல்லுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை, அதைக் கயிற்றால் பம்பரில் கட்டிவிட்டால் எடுக்க மறந்தாலும் ரோட்டில் கிடக்காது. நல்ல யோசனைதான். இரண்டாம் நாளே டவுன் கடைவீதி முழுக்கக் கட்டையை இழுத்துக்கொண்டு போனேன். “சேட்டா, நாய்க்குட்டியக் கட்டி இழுத்துட்டுப் போறீங்களா?” என்று பஸ் ஸ்டாண்டே கேட்டது. கட்டையை அவிழ்த்து அடுப்புக்குக் கொடுத்தேன்.

பிறகு நடந்தேன். வேறு சூட்சுமம் எதுவும் கிடைக்கவில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நூறடி இறங்கி, மூன்று கல்லையும் ஓரம் தள்ளி, நூறடி ஏறினேன். “அண்ணன் கல்லுக்கு முத்தம் குடுக்கப் போறாரு” என்று பெண்கள் கூவினார்கள். “ஒங்க மக ஸ்கூட்டரு வாங்குன பெறகுதான் ஒங்களுக்குக் கண்ணு தெரியுதோ?” என்று ஒருத்தி கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் தம்பியும் பைக்கில் அந்த வழியாகத்தான் போகிறவன்.

நான்காம் நாள் மறந்தேன். வீட்டு வாசல்வரை வந்தவன் வண்டியைத் திருப்பிப் போய்த் தள்ளினேன். ஒன்பதாம் நாளும் அப்படியே. நல்லவனாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அதே பயம்தான், அதைச் சக்கரத்துக்கு அடியிலிருந்து எடுத்து ரோட்டில் வருகிறவர்கள் மேல் வைத்திருக்கிறேன்.

தினமும் சாயங்காலம் மகள் உள்ளே நுழைந்ததும், “கல்லை எடுத்துட்டேன்” என்பேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “பாத்தேன்” என்பாள். அந்த ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் அரித்தது. பார்த்தாள் என்றால், இன்னும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கிறாள். அப்பன் சொன்னதை நம்பி அந்த வளைவைத் தாண்ட அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதமும் “பாத்தேன்”தான்.

போன வாரம் நான் வளைவில் கடைசிக் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பியிருக்கிறாள். நான் ஓரத்தில் ஒதுங்கினேன். அவள் வந்தாள், லேசாக வேகத்தைக் குறைத்தாள், நிறுத்தவில்லை. இறங்கவில்லை. ரோட்டை ஒரு பார்வை பார்த்தாள், அப்படியே வளைந்தாள்.

இரண்டு மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் என் வாய் என்ன செய்தது தெரியுமா?

“ஏளா, நின்னு பாத்துட்டுப் போளா!”

அவள் தலையைத் திருப்பாமல் கேட்டாள், “எடுத்தாச்சா இல்லையாப்பா?”

“எடுத்தாச்சு!”

“அப்பறமென்ன?”

மேட்டில் ஏறி மறைந்துவிட்டாள். நான் அங்கேயே நின்றேன். மூன்று கல்லும் ஓரத்தில்தான் கிடந்தன, தொட்டுப் பார்த்தேன். தப்பித் தவறி நாலாவதாக ஒன்று வைத்திருப்பேனோ என்று ரோட்டைக் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போது, மேலே ஜீப்பில் ஆறு பெண்களும் மாறி மாறி ஹாரனை அடிக்கத் தொடங்கினார்கள்.