பனி கேட்டு ஒரு ஜெபம்

போடியில் பனி விழாது என்று இன்றைக்கு யார் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன். எங்கள் வீட்டில் வருடம் முழுக்க விழுந்தது. அப்பாவுக்கு இலவம் பஞ்சு வியாபாரம். முன்பக்கம் மெத்தை, தலையணைக் கடை. நடுவில் பஞ்சு அடைக்கும் கூடம். பின்பக்கம் நாங்கள். காற்று கொஞ்சம் திசை மாறினால் போதும், சாம்பாரிலும் தலைமுடியிலும் அப்பாவின் வேதப்புத்தகத்துக்குள்ளும் வெள்ளை வெள்ளையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கிறிஸ்துமஸ் வந்தால் சர்ச்சில் நிறுத்தும் சவுக்கு மரத்துக்குப் பனி எங்கள் கடையிலிருந்துதான் போகும். அந்தப் பெருமையில் டிசம்பர் மாதம் முழுக்க நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பேன்.

பொய்ப் பனியைக் கொடுத்துக் கொடுத்து நிஜப் பனி மேல் ஆசை வந்துவிட்டது. மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்குமே, அதைச் சொல்லவில்லை. வாழ்த்து அட்டைகளில் வீட்டுக் கூரை மேல் கெட்டியாகப் படுத்திருக்குமே, அள்ளி உருட்டி எறியலாமே, அந்தப் பனி. அது மூணாறில் கிறிஸ்துமஸ் சமயத்தில் முழங்கால் அளவு கிடக்கும் என்று எனக்குச் சொன்னவள் அத்தை. அப்பாவின் தங்கை. தலையணைக்குப் பஞ்சு அடைத்ததும் வாயைத் தைத்து மூடுவது அவள் வேலை. ஊசியை ஓட்டிக்கொண்டே சொல்வாள்: "சீனி போட்டுத் திங்கலாம்த்தா. ஐஸ்கிரீமெல்லாம் தோத்துப்போகும்." அவள் போடிமெட்டுக்கு மேலே ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பத்தோடு டூர் போகப்போகிறோம் என்று அப்பா அறிவித்தபோது நான் குதித்த குதியில் கூடத்தில் இருந்த பஞ்செல்லாம் எழும்பிவிட்டது. இரண்டு இடங்கள் பேச்சில் இருந்தன. மேலே மூணாறு, குளிர். கீழே தூத்துக்குடி, வெயிலும் கடலும். இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும். தை பிறந்துவிட்டால் கல்யாணச் சீர் மெத்தைகளுக்கு ஆர்டர் குவிந்துவிடும், அதன்பின் கடையை ஒரு நாள்கூடப் பூட்ட முடியாது.

பனியா வெயிலா என்பது என் கேள்வி. பெரியவர்களின் கேள்வி வேறு. அத்தைக்கு எந்த மாப்பிள்ளை என்பதுதான் அது. ஊருக்கு ஒரு மாப்பிள்ளை இருந்தார். தூத்துக்குடிக்காரர் அம்மாவின் சொந்தம், உப்புக் கம்பெனி ஆபீஸில் வேலை. மூணாறுக்காரர் ஒரு தங்கும் விடுதியில் கணக்குப் பார்ப்பவர், எங்கள் போதகர் மூலமாக வந்த சம்பந்தம். அதற்கு முன்பு அத்தையைப் பார்த்துவிட்டு, கேசரி சாப்பிட்டுவிட்டு, பதில் சொல்லாமல் போனவர்கள் சிலர் உண்டு. ஒவ்வொரு தடவையும் பொழுது சாய்வதற்குள் பஜார் முழுக்கச் செய்தி தெரிந்துவிடும். மறுநாள் கடைக்குத் தலையணை வாங்க வருகிறவர்கள்கூட அத்தையைப் பாவமாகப் பார்ப்பார்கள். ஊரில் எத்தனையோ கல்யாணப் பெண்களுக்குத் தலையணை தைத்துக் கொடுத்தவள் அவள். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. அதனால்தான் அப்பா இந்த ஏற்பாட்டைச் செய்தார். டூர் போகிற சாக்கில் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்துவிடுவது. பிடித்தால் அங்கேயே பேசி முடிப்பது, பிடிக்காவிட்டால் டூர் போய்விட்டு வந்ததாக இருக்கட்டும். எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் பனியைத்தான் கேட்டிருப்பேன்.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் எதையும் நேராகக் கேட்கிற பழக்கம் கிடையாது. ஆனால் குடும்ப ஜெபம் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் பாயில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடி, ஆளுக்கு ஒரு ஜெபம் சத்தமாகச் செய்ய வேண்டும். ஒருவர் முடித்ததும் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். ஆண்டவரிடம் கேட்பதை அப்பா அதட்ட முடியாது அல்லவா? செருப்பு, ஜாமெட்ரி பாக்ஸ், பொருட்காட்சி என்று நான் வாங்கியதெல்லாம் இந்த வழியில்தான். அன்று இரவே ஆரம்பித்துவிட்டேன்.

"ஆண்டவரே, எங்களை மூணாறுக்கு நடத்திச் செல்லும். அங்கே வெள்ளைப் பனியைத் தந்தருளும்."

அடுத்து அம்மாவின் முறை. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கர்த்தாவே, பிள்ளை கடலையே பாத்ததில்ல. அதுக்கு இந்த வருசம் கடலைக் காட்டும். குளிர்ல போயி நெஞ்சுச்சளி பிடிக்காம காத்துக்கொள்ளும்."

எனக்கு வந்த கோபத்தில் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டேன். மறுநாள் நானும் விடவில்லை. கடலில் அலை அடித்துக்கொண்டு போய்விடும், ஆகவே எங்களைக் கடலுக்கு விலக்கிக் காத்தருளும் என்றேன். அதற்கு மறுநாள் அம்மா போடிமெட்டின் கொண்டைஊசி வளைவுகளையும் அதில் எனக்கு வரப்போகும் வாந்தியையும் ஆண்டவருக்கு விவரமாக எடுத்துச் சொன்னாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் இப்படியே போனது. பரலோகத்தில் எங்கள் விண்ணப்பங்களை வாங்கி வைத்தவர்கள் நிச்சயம் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

அத்தை மட்டும் இந்தச் சண்டையில் சேரவே இல்லை. அவள் ஜெபம் தினமும் ஒரே வரிதான்: "உமது சித்தப்படி ஆகக்கடவது." அவ்வளவுதான். அவளுக்கு மூணாறில் இருப்பவரை ஏற்கெனவே தெரியும் என்பதை அந்த வீட்டில் அறிந்தவள் நான் ஒருத்தி. ஆனால் அறிந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

சனிக்கிழமை மதியம் அப்பா தேனிக்குச் சரக்குப் போட்டுவரப் போய்விடுவார். கடையில் அத்தை இருப்பாள், பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் இருப்பேன். அப்போது ஒல்லியாக, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவர் வருவார். அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்ததால்தான் எனக்கு அவர் நினைவில் நின்றார். விடுதிக்குத் தலையணை வேண்டும், மாதிரிக்கு ஒன்று கொடுங்கள் என்பார். அத்தை ஒன்றை எடுத்துத் தருவாள். அடுத்த சில வாரங்களில் மறுபடியும் வருவார், மறுபடியும் மாதிரிக்கு ஒன்று. எனக்கு ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலம். ஒரு தலையணையைப் பார்த்து முடிவு செய்ய இவருக்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது, ரொம்ப மந்தம் போல என்று நான் நினைத்துக்கொள்வேன். தேன்மிட்டாய்க்காகப் பொறுத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஜெபம் முடிந்ததும் அப்பா வேதப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "மூணாறுக்கே போவோம். அங்கனதான் பக்கம், பொழுதடைய திரும்பிரலாம்" என்றார். அம்மா முகம் வாடிப்போனது. நான் ஜெயித்துவிட்டேன். என் ஜெபத்துக்கு இருந்த வலிமையை நினைத்து எனக்கே பிரமிப்பாக இருந்தது. கல்லூரிக் காலத்தில் ஒருமுறை அம்மாவிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டபோது அவள் சிரித்தாள். "ஒன் ஜெபமாக்கும்! நீ மூணாறுன்னு கேட்டா ஒங்க அத்த சொல்லுத ஆமென் தெருமுக்கு வரைக்கும் கேக்கும். நான் கடல்னு கேட்டா அவ வாயிலேருந்து காத்துதான் வரும். ஒங்க அப்பா கண்ண மூடிக்கிட்டுதான் ஜெபம் பண்ணுவாவ, காதையுமா மூடுவாவ?"

மறுநாள் ஆராதனை, பிரியாணி எல்லாம் முடிந்து, அதற்கும் மறுநாள் விடிந்ததும் ஒரு வாடகை ஜீப்பில் கிளம்பினோம். எனக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குத் தொப்பி. மடியில் ஒரு தூக்குவாளியில் சீனி. அம்மா சொன்னபடியே வாந்தி வந்தது. ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டிப் பனி தெரிகிறதா என்று பார்த்தேன். ஏலக்காய்த் தோட்டம் தெரிந்தது, தேயிலை தெரிந்தது, மேகம் இறங்கி வந்து கண்ணாடியை மறைத்தது. மூணாறில் இறங்கியபோது எல்லாம் பச்சையாக இருந்தது. குளிர் மட்டும் பல்லைக் கிட்டிக்க வைத்தது.

"எங்கன அத்தை பனி?" என்றேன்.

"உள்ள இருக்கும்த்தா" என்று அத்தை சொன்னாள். அவள் குரல் நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன்.

விடுதிக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டு வீடு. அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் வீடு என்றார்கள். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்குப் பனி மறந்துபோனது.

"அத்தை! நம்ம தலையணை அங்கிள்!"

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்தாள். அவர் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் ஒரு பெண் தானாக ஒருவரை விரும்பிவிட்டாள் என்று தெரிந்தால், அந்தச் சம்பந்தம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முறிந்துபோகும். அண்ணனுக்கு அது தலைக்குனிவு. சுற்றி இருந்த எல்லோருக்கும் அது தெரியும், என்னைத் தவிர.

"எந்தத் தலையணை?" என்று அப்பா என்னிடம்தான் கேட்டார்.

எனக்குத் தெரிந்த விஷயத்தை அப்பா கேட்கிறாரே என்று உற்சாகமாகிவிட்டது. "சனிக்கெழம வருவாகளே! நீங்க தேனிக்குப் போனப்பறம்! ஒரே ஒரு தலையணை வாங்கிட்டுப் போவாக!"

அதற்குள் உள்ளேயிருந்து அவருடைய அம்மா வந்துவிட்டார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். "அய்யோ, நீங்கதானா அந்தக் கடை? வா மோளே, வந்து பாரு. எனக்குப் படுக்க இடமில்ல" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறையைத் திறந்து காட்டினார். கட்டில் மேல், அலமாரி மேல், சுவர் ஓரமாக எல்லாம் எங்கள் கடையின் நீலக்கோடு போட்ட தலையணைகள்.

அப்பா உள்ளே போய் ஒன்றை எடுத்தார். மடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். கையை மெதுவாக எடுத்து, பஞ்சு எழும்பி வருகிறதா என்று பார்த்தார். கடையில் எந்தச் சரக்கையும் அவர் பார்ப்பது அப்படித்தான். பிறகு தலையணையைத் திருப்பி, அத்தை தைத்து மூடியிருந்த ஓரத்தை விரலால் ஒருதரம் தடவினார். அத்தை அழுதுவிடுவாள் போல இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

"இத்தன தலையணைக்கு ஒரு நல்ல மெத்தையா வாங்கியிருக்கலாமே தம்பி" என்றார் அப்பா.

தலையணை அங்கிள் ஸ்வெட்டர் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "மெத்தை வாங்குனா ஒரு தடவைதாங்க வரலாம்."

அம்மாதான் முதலில் சிரித்தாள். தன் சொந்தத்துக்காக அத்தனை நாள் ஆண்டவரிடம் வாதாடியவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. தலையணையைக் கட்டிலில் பதமாக வைத்துவிட்டு, "ஜெபம் பண்ணிருவோம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, சிறுபிள்ளையின் வாயிலிருந்து வந்த விண்ணப்பத்தைக் கேட்டீர். நாங்கள் கேட்டதற்கு மேலாகவே இந்த வீட்டில் எங்களுக்குத் தந்தீர். உமக்கு ஸ்தோத்திரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறுபிள்ளை நான்தான். நான் கேட்டது பனி. ஒரு பொட்டுகூட வரவில்லை. அப்பா ஆண்டவரிடமே பொய் சொல்கிறாரே என்று வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது ஜீப்பில் நான் அழுதுகொண்டே வந்தேன். சீனி வாளி திறக்காமலே மடியில் இருந்தது. பூப்பாறை தாண்டியதும் பக்கத்தில் விசும்பல் கேட்டது. பார்த்தால் அத்தையும் அழுகிறாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கக்கூட இல்லை, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே அழுகிறாள். எனக்கு என் அழுகை நின்றுவிட்டது. சீனி போட்டுத் தின்னலாம் என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னாள்! என்னைவிட அவள்தானே அதிகம் ஏமாந்திருக்கிறாள்! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். கண்ணை இறுக்கி மூடி, ஜீப் சத்தத்துக்கும் மேலாகக் கத்தி ஜெபித்தேன்.

"ஆண்டவரே, எங்க அத்தை பாவம். ஆசப்பட்டு ஏமாந்துபோச்சு. எனக்கு வேணாம். அத்தைக்கு மட்டுமாச்சும் அது ஆசப்பட்டதக் குடுத்துரும்."

அத்தையின் கை என் கையை வலிக்கும்படி இறுக்கியது. அவள் ஆமென் சொல்லவில்லை. முன் சீட்டிலிருந்து அப்பாதான் சொன்னார். கொண்டைஊசி வளைவில் எதிரொலிக்கும்படி, அதுவரை நான் கேட்டே இராத அளவு சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்பாவுக்கும் பனி மேல் இவ்வளவு ஆசை இருந்திருக்கிறதே, நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டே, நான் சீனி வாளியைத் திறந்து அவருக்குக் கொஞ்சம் நீட்டினேன்.