பல் உடைக்காத கல்யாணக் கேசட்

பின்னாளில் குறுந்தட்டு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஒரு வகைத் தட்டில் பதிந்தால் பதிந்ததுதான், அழிக்க முடியாது. இன்னொரு வகையில் அழித்து அழித்துப் பதியலாம். நான் தலையாட்டிக்கொண்டேன். முதல் வகை என் அப்பா, இரண்டாம் வகை என் கணவர் என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டேன். எங்கள் காலத்தில் இந்த இரண்டையும் ஒரே கேசட்டில் வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்துச் சண்டைக்கு அதுதான் காரணம்.

எழுபதுகளில் எனக்குக் கல்யாணம் நடந்தது. போட்டோவுக்கு ஆள் இருந்தார். சத்தத்துக்கு என் அண்ணன் இருந்தான். புதிதாக ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கியிருந்தான், அதைத் தூக்கிக்கொண்டு போக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தான். சிங்கப்பூர் தேக்கா கடைத்தெருவில் கேசட் வாங்கியபோது கடைக்காரர் அதன் முதுகில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் பற்களைக் காட்டி, "பதிஞ்சு முடிச்சதும் இத உடைச்சிடுங்க தம்பி. அப்புறம் யாரும் மேல பதிய முடியாது" என்றாராம். பக்கத்துக்கு ஒரு பல். உடைத்தால் அந்தப் பக்கம் பத்திரம்.

முதல் பக்கத்தில் மாதா கோவிலில் நாங்கள் கொடுத்த கல்யாண வாக்குறுதி. என் குரல் கேட்காது, சாமியார் இருமுவது நன்றாகக் கேட்கும். இரண்டாம் பக்கத்தில் கோவிலை ஒட்டிய மண்டபத்தில் நடந்த விருந்தும் அப்பா பேசிய பேச்சும்.

அப்பா பேசுகிறவர் இல்லை. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. வீட்டுக்கு வந்தால் சோறு, ரேடியோ, தூக்கம். பரீட்சையில் முதலாவதாக வந்தேன் என்று சொன்னால் "ம்" என்பார். தோற்றாலும் அதே "ம்"தான், கொஞ்சம் நீளமாக. அப்படிப்பட்டவர் அன்று ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும், "எம் மக எனக்கு ஒரு நாளும் கஷ்டம் குடுத்ததில்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் மை போட்டிருந்ததால் அழவில்லை.

மறுநாள் அண்ணன் அந்தப் பற்களை உடைக்கக் கத்தியை எடுத்தான். அம்மா பதறிவிட்டார். "கல்யாணம் நடந்த வீட்டுல எதையும் உடைக்கக் கூடாதுடா!" ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வீடுதான். ஆனால் கண்ணாடி, தட்டு, தேங்காய் எது தவறி உடைந்தாலும் அம்மாவுக்கு முகம் மாறிவிடும். அந்தப் பட்டியலில் அன்று கேசட்டும் சேர்ந்தது. அப்பா வேறு காரணம் சொன்னார். "நல்ல சாமான எதுக்கு உடைக்கிற? பின்னால உதவும்." பற்கள் தப்பின. கேசட் என்னோடு புகுந்த வீட்டுக்கு வந்தது.

சில வருடம் கழித்து ஒரு கிறிஸ்மஸ் அன்று குவீன்ஸ்டவுனில் அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். பேச்சுவாக்கில், கல்யாணத்தில் அப்பா என்னைப் பற்றிச் சொன்னதை நான் பெருமையாகச் சொன்னேன். அண்ணன் வாயில் இருந்த கேக்கை விழுங்கிவிட்டுச் சிரித்தான்.

"அது உன்னப் பத்தி இல்ல லா. சமையல்காரரப் பத்தி. 'இவரு எனக்கு ஒரு கஷ்டமும் குடுக்கல'ன்னு அப்பா அந்த ஆளுக்குத்தான் நன்றி சொன்னாரு. அன்னைக்கு பிரியாணி அருமை."

கல்யாணத்தன்று மண்டபத்தில் இருந்த அத்தை ஒருவர் பிரியாணி அருமை என்பதை மட்டும் உறுதிப்படுத்தினார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆயுளில் ஒரே ஒரு நல்ல வார்த்தை கிடைத்திருக்கிறது, அதைப் பிரியாணிக்காரருக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள். "கேசட் இருக்கு. போட்டுக் காட்டறேன்" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கேசட்டைப் போட்டேன். இரண்டாம் பக்கம். பந்து வலது ஓரமாகப் போனது. ஒருவர் அதை மறித்தார். கூட்டம் கத்தியது. வானொலி நேர்முக வர்ணனையாளர் மூச்சு வாங்கினார்.

கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "பல்லு உடையாம இருந்துச்சும்மா. காலி கேசட்டுன்னு நெனச்சேன்" என்றார். அவர் சொன்னது நியாயம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்பா சொன்னபடி பின்னால் உதவியிருக்கிறது, கால்பந்தாட்டத்துக்கு. கேசட்டை அப்படியே நிறுத்தி அலமாரியின் அடித்தட்டில் போட்டேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

கணவர் பரிகாரம் தேடினார். புதுக் கேசட் வாங்கி, அடுத்த முறை அப்பா வந்தபோது ரிக்கார்டரை அவர் முன்னால் வைத்தார். "மாமா, அன்னைக்குப் பேசினத இன்னொரு தடவ சொல்லிடுங்களேன்."

அப்பா ரிக்கார்டரைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "சொன்னது சொன்னதுதான். திருப்பித் திருப்பிச் சொல்றதுக்கு நான் என்ன ரேடியோவா?"

"யாரைப் பத்திப்பா சொன்னீங்க? அதையாவது சொல்லுங்க" என்றேன் நான்.

"கல்யாணத்துல எல்லாரும் சொல்றதுதான்" என்றார். அந்தப் புதுக் கேசட்டில் அவர் கோப்பி உறிஞ்சிய சத்தம் தெளிவாகப் பதிந்திருந்தது.

அத்தோடு விட்டுவிட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் விடவில்லை. பிரியாணி சாப்பிடும்போதெல்லாம் ஞாபகம் வரும். சமையல்காரராகவே இருக்கலாம் என்றும் ஒரு கட்டத்தில் தோன்ற ஆரம்பித்தது. அதுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது.

எண்பதுகளில் அப்பா ஓய்வு பெற்றார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவரும் என் கணவரும் அந்தக் கால்பந்துக் கேசட்டை எடுத்துப் போட்டுக் கேட்பார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும், இருந்தாலும் கோல் விழும்போது துள்ளுவார்கள். ஆட்டம் முடிந்த விசில் கேட்டதும் கணவர் நிறுத்திவிடுவார். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது, சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு, விசில் ஊதிய நேரத்தில் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட, கணவர் எழுந்து போனார். கேசட் ஓடியது. நான் கோப்பியோடு வெளியே வந்தேன். ரேடியோ இரைச்சல் சட்டென்று நின்று, தட்டுகள் இடிபடும் சத்தம் வந்தது. நாற்காலி இழுபட்டது. ஒரு குழந்தை அழுதது. எங்கள் மண்டபம்! ஆட்டத்தைப் பாதியிலிருந்துதான் பதிந்திருக்கிறார். பக்கம் முழுக்க அழியவில்லை. சாப்பாட்டு அவசரத்தில் அண்ணன் மேசைமேல் ரிக்கார்டரை ஓடவிட்டுவிட்டுப் பந்திக்குப் போயிருக்கிறான்.

அப்பாவின் குரல் பக்கத்தில் கேட்டது. "பாப்பா சாப்பிட்டுச்சா?"

"பொண்ணு மாப்பிள்ளை இன்னும் உக்காரல" என்றது அம்மாவின் குரல்.

"காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல அது. யாராச்சும் கூட்டிட்டுப் போய் உக்கார வைங்களேன். நானே போய் நின்னா நல்லாருக்காது." கொஞ்ச நேரம் தட்டுச் சத்தம். மறுபடியும் அதே குரல். "சாப்பிட்டுச்சான்னு யாராச்சும் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

நாற்காலியில் இருந்த அப்பா ரிக்கார்டரை நிறுத்தக் கை நீட்டினார். அவருடைய விரல் தவறிப்போய், மேலே பதிகிற சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனது. நான் கோப்பியைக் கீழே வைக்காமலே அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பாதிக் கோப்பி தரையில். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கேசட் முடியும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

வேறு எதுவும் அதில் இல்லை. பேச்சும் இல்லை, பிரியாணிக்காரரும் இல்லை. எனக்கு அவர்கள் தேவைப்படவில்லை.

அப்பா கேசட்டை வெளியே எடுத்தார். சாவிக்கொத்தில் தொங்கிய பேனாக்கத்தியைப் பிரித்து, அந்தப் பக்கத்துப் பல்லைப் பட்டென்று உடைத்தார். திரும்பி வந்த என் கணவர், "அந்தப் பக்கத்தையும் உடைச்சிடுங்க மாமா" என்றார்.

"அதுல உங்க ரெண்டு பேரு வாக்குறுதி இருக்கு. உடைக்கிறதும் உடைக்காததும் உங்க பாடு" என்று அப்பா கத்தியை மடித்தார்.

தரையைத் துடைக்க நான் துணி எடுத்து வந்தேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு யாரும் வந்து சொல்லல. சாப்பிட்டியா?"

அன்று சாப்பிட்டேனா என்று எனக்கு நினைவே இல்லை.

"சாப்பிட்டேன்பா" என்றேன்.

"ம்" என்றார்.