திண்டிவனத்திலிருந்து வந்த காற்று

மூச்சாய் உட்புகுந்து உயிரையும், காற்றாய் வெளியுலாவி உலகையும் தாங்கும் பெருமானை வணங்கி, ஆனித் திங்கள் பிரதோஷ நாளாகிய இன்று இக்குறிப்பை எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் ஒரு புழுங்கலரிசி ஆலையில் நான் களத்து மேஸ்திரியாக இருந்தேன். அவித்த நெல்லைச் சிமென்ட் களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். பாதி காய்ந்த நெல் மழையில் நனைந்தால் நாற்றம் பிடித்துவிடும்; அரிசி எதற்கும் ஆகாது.

என் மனைவி கமலாம்பிகை திண்டிவனத்தில் அறிவியல் ஆசிரியை. நாள்தோறும் பேருந்தில் போய்வருவாள். கடற்காற்று அவ்வூருக்குச் சற்று முன்னதாகவே வந்துவிடும். பிற்பகலில் வகுப்பறை ஜன்னலை அது தொட்டதும் போன் செய்வாள்.

"ஏங்க, காத்து திரும்பிடுச்சு."

களத்துப் பெண்களுக்குத் தலைவியான அஞ்சலை கேலி செய்வாள். "இன்னா மேஸ்திரி, அக்கா காத்த பஸ்ல ஏத்தி வுட்டாங்களா?"

ஒருமுறை கமலாம்பிகையிடம் காரணம் கேட்டேன்.

"வெயில்ல தரை காயுதுங்களா, அதும்மேல இருக்கிற காத்து லேசாகி எழும்பிடும். கீழ அழுத்தம் கொறையும். கடல்மேல இருக்கிறது குளுந்த காத்து, கனமானது. அது இந்த எடத்துக்கு ஓடியாரும். மேக்காத்து பலமா இருந்தா லேட்டாவும். லேட்டா வந்து முட்டிக்கினா இடிமழைதான். அன்னிக்கு நெல்ல ஜல்தியா மூடிடுங்க."

ஒரு பங்குனியில் அவள் இறைவனடி சேர்ந்தாள்.

அடுத்து வந்த ஆனியில் ஒருநாள், களம் நிறைய நெல். மேற்கிலிருந்து மேல்காற்று முகத்தில் அனலாய் அடித்தது. அவள் போன் வரும் வேளை கடந்தும் கிழக்கில் அசைவில்லை.

முதலாளி வந்தார். "வானம் பளிச்சுனு இருக்குது. இன்னிக்குக் காய்ஞ்சாத்தான் நாளைக்கு அரவை. மூடறதா வேணாவா மேஸ்திரி?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்நேரம் டீச்சரம்மா போன் வந்திருக்கும், இல்ல?"

"மூடிடலாங்க" என்றேன்.

"சொட்டு மழை வரலன்னா?"

"நாளைக்கு மறுபடியும் பரப்புவோங்க."

"அக்காவே சொன்னதா நெனச்சிக்கங்க முதலாளி" என்றாள் அஞ்சலை. "அந்த முனையப் புடிங்க."

நெல்லைக் குவித்துத் தார்ப்பாயைக் கட்டி முடிக்கையில், பிடரியில் குளிர்ந்தது. கிழக்கிலிருந்து காற்று வந்துவிட்டது. என் கை தானாகப் பையிலிருந்த போனை எடுத்து, அவள் பெயரைத் தேடி நின்றது. 'இங்கயும் வந்துடுச்சும்மா' என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. சற்று நேரத்தில் இடியும் மழையும் இறங்கின. ஒரு மணி நெல்லும் நனையவில்லை.

தரை வெந்து, காற்று மெலிந்து, ஒரு குறைவு உண்டான பின்னரே கடல் அவ்விடம் நாடி வருகிறது. களத்தில் நின்று நான் கற்றது அதுவே. ஆதலால் என்னுள் உள்ள குறைவை நிரப்பிவிட நான் முயல்வதில்லை. ஆனிப் பிற்பகல்களில் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன்.

இதனைப் படிக்கும் அனைவருக்கும், வெம்மை தாளாத வேளையில் குளிர்காற்று வந்து சேர்வதாக.