எலிகளுக்கு மட்டும்

அம்பத்தூரில் ஈயம் உருக்கும் பட்டறையில் அந்தப் பெரியவருக்கு வேலை. மாலை ரயிலில் என் எதிரே உட்காருவார். சிரித்தால் ஈறுகளில் ஈயம் ஏறிய கருநீலக் கோடு தெரியும். ஒவ்வொரு நிலையத்திலும், "ஆவடி வந்துச்சாம்மா?" என்று கேட்பார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். என் ஆராய்ச்சியைப் பெருமையாகச் சொன்னேன். "ஈயம் குடுத்தா எலிக்கு வழி மறந்துடும். முன்னாடியே எங்க மருந்தைக் குடுத்துட்டா அவ்வளவா மறக்காது."

"ஈயம் துன்னப்புறம் குடுத்தா?"

"பலன் தெரியலைங்க ஐயா."

"எனக்கு வோணாம்மா. எம் பொண்ணு திங்கக்கெழம பட்டறைல சேருது. உன் வயசுதான். அதுக்குக் கொஞ்சம் குடேன்."

மனிதர்களுக்கு அந்த மருந்து இன்னும் இல்லை என்றேன்.

திங்கட்கிழமை அவர் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தாவணியில் துடைக்கத் துடைக்க, அவள் விரல்களில் சாம்பல் நிறம் போகவே இல்லை.