கடைசிக் குடிலில் குணவதி அக்கா

பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்கள் தளத்தில் குடியிருக்கும் குணவதி அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. வாரம் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்னப் பாகங்களைச் சரிபார்ப்பவர், ஞாயிறு விடிந்தால் கொடிமலை ஏறிவிடுவார்.

சாந்தினியை மலைக்குப் பழக்கியவர் அவர்தான். வங்கியில் அதிகாரியாக இருக்கும் சாந்தினி, அக்காவைவிடப் பல வயது இளையவள். முதல் நாள் பாதி வழியிலேயே படியில் உட்கார்ந்து அழுதாள்.

"அழுவாத லா. மலை எங்கயும் ஓடிப் போயிறாது," என்று சொல்லி அக்கா கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்தாராம். பிறகு இருவரும் சேர்ந்தே ஏறினார்கள். சாந்தினியின் கால் உரமேறியது. மூச்சு வாங்குவது அக்காவுக்குத்தான் என்ற நிலையும் வந்தது.

நேப்பாளத்தில் வழிகாட்டியோடு, குடிலுக்குக் குடில் தங்கி நடக்கும் பயணத்தைக் கண்டுபிடித்தவள் சாந்தினி. கடைசியில் உயரமான ஒரு கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும். அக்கா தயங்கினார்.

"நாம ரெண்டு பேரும் சேந்துதான் அத தாண்டணும்கா. நீங்க வரலன்னா நானும் போகல."

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அக்கா முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்தார். சாந்தினியோடு வேலை செய்யும் விஸ்வநாதனும் சேர்ந்துகொண்டார்.

வழிகாட்டி ஒரு நேப்பாளி இளைஞர். முன்பு பினாங்கில் தொழிற்சாலைக் காவலராக இருந்தவர் என்பதால் மலாய் நன்றாகப் பேசினார். தமிழ் தெரியாது. அதனால் அவர் காதில் விழக் கூடாதவற்றை மூவரும் தமிழில் பேசிக்கொண்டார்கள். அக்கா மெதுவாக நடந்தார். ஆனால் எந்த நாளும் குடிலுக்கு வந்து சேராமல் இருந்ததில்லை.

கணவாய்க்குக் கீழே இருந்த கடைசிக் குடில். மாலையில் மற்ற இருவரும் உள்ளே அடுப்பருகே குளிர்காய, அக்கா வெளியே காலுறையை உலர்த்திக்கொண்டிருந்தார். வழிகாட்டி அருகில் வந்து கேட்டார்: "காக், திங்கல்?"

மலாயில் 'காக்' என்றால் அக்கா. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்பதாக நினைத்து, "ஜெலுத்தோங்," என்றார் இவர்.

அவர் சிரித்துவிட்டார். வீட்டைக் கேட்கவில்லை, நாளைக்கு இங்கேயே தங்கிவிடப் போகிறீர்களா என்று கேட்டேன் என்று மலாயில் விளக்கினார். அப்படியென்றால் கீழே கூட்டிப் போக ஓர் ஆளை இப்போதே பேசி வைக்க வேண்டுமாம்.

"யார் சொன்னது?"

"உள்ளே பேசிக்கொண்டார்கள். திங்கல் பண்ணு, திங்கல் பண்ணு என்று. அந்த 'பண்ணு' என்றால் என்ன?"

மலாயில் 'திங்கல்' என்பதற்குக் குடியிருப்பது, தங்குவது, விட்டுச் செல்வது என்று பல பொருள். நம் வாயில் 'திங்கல் பண்ணு' என்று வந்துவிட்டால் ஒரே பொருள்தான்: விட்டுவிட்டுப் போவது. அக்கா அதை அவருக்குச் சொல்லவில்லை.

சாப்பிடும்போது கேட்டார். "சாந்தினி, நாளைக்கு எப்ப எழும்பணும்?"

"அவசரமே இல்லக்கா. நல்லா வெளிச்சம் வந்த பொறவுதான். போர்த்திக்கிட்டு நல்லா தூங்குங்க."

விஸ்வநாதன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அக்கா பையைக் கட்டி வைத்துவிட்டு, உடை மாற்றாமலேயே படுத்தார். ஒருமுறை 'அக்கா' என்றால் போதும், எழுந்து நடந்திருப்பார். விடிவதற்கு முன் சாந்தினி எழுந்தாள். சத்தம் கேட்காமல் இருக்கச் சப்பாத்தைக் காலில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வெளியே, காக் எங்கே என்று வழிகாட்டி கேட்டார்.

"சாகிட்," என்றாள் சாந்தினி. அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம்.

வெயில் வந்ததும் குடில்காரரின் தம்பி அக்காவைக் கீழே அழைத்துப் போனார். அங்கிருந்து வண்டியில் சுற்றிப் போய், கணவாயைத் தாண்டி வந்தவர்களை மறுபக்க அடிவாரச் சிற்றூரில் பார்த்தார். முகமெல்லாம் வெயிலில் கன்றிப்போன சாந்தினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"நல்லா தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரலக்கா."

"முழிச்சுதான் கெடந்தேன். சப்பாத்த கைல தூக்கிக்கிட்டு போனியே."

சாந்தினியின் கை தளர்ந்தது. "மேல உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாங்களும் திரும்பணும்... உங்க நல்லதுக்குந்தான்கா."

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே நின்னுருப்பேன். சாகிட்னு ஏன் சொன்ன?"



பினாங்கு திரும்பிய பிறகும் சாந்தினி ஞாயிறுதோறும் கீழே காரை நிறுத்திக் கைப்பேசியில் கூப்பிட்டுப் பார்த்தாள். அக்கா எடுப்பார். நலம் விசாரிப்பார். கீழே இறங்கமாட்டார். சில வாரங்களில் அவளும் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒருநாள் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது நான் கேட்டுவிட்டேன். "அந்தக் கணவாய தாண்டியிருப்பீங்களாக்கா?"

"யாருக்குத் தெரியும்?" என்றார். "தாண்டியிருக்கலாம். பாதில உக்காந்தும் இருக்கலாம். தாண்டியிருப்பேனான்னு எனக்கே தெரியாம பண்ணிட்டா பாரு, அதத்தான் தாங்க முடியல."